செகப்புக் கயிறு மூட்டை

— அத இழுக்காதீங்க கப்பக்காரரே! அடியில முட்டை இருக்கு.

— மூட்டைக்குள்ள முட்டையா?

— உமிக்குள்ள பொதைச்சு வச்சிருக்கேன். மலைமேல எஸ்டேட்டுக்குப் போறது. ரோடு இருக்குற வரைக்கும் ஜீப்பு, அதுக்கு மேல கழுதை. ஒண்ணு ஒடைஞ்சாலும் மேஸ்திரி போன்லயே கத்துவாரு. அந்த ஸ்டூலப் போட்டு உக்காருங்க. வந்ததுலருந்து கப்பல் கவுந்த மாதிரி நிக்கிறீங்க.

— கப்பல் ஒண்ணும் கவுழல. அது கப்பலே இல்ல, பாய்மரப் படகு. எத்தன தடவ சொல்றது? நல்லபடியாப் போயி நல்லபடியா வந்துருச்சு. அந்தமானுக்கு அங்கிட்டு ஆளே இல்லாத தீவெல்லாம் சுத்திட்டு வந்துட்டோம். நீ கட்டிக் குடுத்த சாமான்தான் எங்களக் காப்பாத்துச்சு அனுசியா. சொன்னா நம்ப மாட்ட.

— நீங்க சொன்னா நம்ப மாட்டேன்தான். இருந்தாலும் சொல்லுங்க, கை பாட்டுக்குக் கட்டட்டும், காது சும்மாதான இருக்கு.

— வழியில பாத்த மத்த படகுல எல்லாம் மாவு கட்டி பிடிச்சுப் போச்சு, பருப்புல வண்டு. நம்ம மூட்டைய மட்டும் பிரிச்சா, நேத்து அரைச்ச மாதிரி வாசம். கேப்டன் கேட்டாரு, ‘எப்படிடா முத்துப்பாண்டி?’ன்னு. ‘போடியில ஏலக்கா மூட்டை கட்டுற மாதிரி கட்டினது கேப்டன். உள்ள கருப்பு பிளாஸ்டிக்கு, வெளிய சாக்கு, வாய முறுக்கிக் கட்டிட்டா காத்துக்குக் கூட வழி கெடையாது’ன்னேன்.

— பெரிய ரகசியத்த ஒடைச்சிட்டீங்க. புளி உருண்டை?

— உப்பு போட்டுப் பிசைஞ்சு உருட்டுனியே, அப்படியே கல்லு மாதிரி இருந்துச்சு. டாக்டரம்மா அதுல ரசம் வச்சுக் குடிச்சிட்டு அழுதுருச்சு.

— காரத்துலயா?

— சந்தோசத்துல. படகு அவுங்களோடதுதான். புருசன் பொண்டாட்டி ரெண்டு பேருமே டாக்டரு. சமையக்காரன் மொத வாரமே வாந்தி எடுத்து, ‘எனக்குத் தரையக் காட்டுங்க சாமி’ன்னு எறங்கி ஓடிட்டான். பெறகு கரண்டி எங் கைக்கு வந்துருச்சு. டாக்டரம்மா தினமும் ஒரே பாட்டு: ‘மூட்டை கட்டுன பொண்ணையே கூட்டிட்டு வந்திருக்கலாம்ல முத்துப்பாண்டி?’

— நீங்க என்ன சொன்னீங்க?

— அது வராதும்மா, அதுக்குக் கடைதான் தீவுன்னேன்.

— ம்.

— என்ன ம்?

— ஒண்ணுமில்ல. அந்தச் சணலக் கொண்டாங்க.

— அக்கா! குடோன் சாவிய எறி. வெரசா. ஆளெல்லாம் ஜீப்புல ஏறி உக்காந்துட்டாக, லோடு இன்னும் ஏறல.

— இந்தா, பிடி. ஏத்துனதும் கொண்டாந்துரு பாண்டி. வண்டியோட மலையேத்திராத.

— ஒத்தச் சாவிய வச்சுக்கிட்டு ஒரு நாளைக்கு எத்தன தடவதான் ஓடுறது? அப்பா போனதுலருந்து ரெண்டாவது சாவிய எங் கண்ணுல கூடக் காட்டல நீயி. தம்பின்னு பேருதான்.

— அது இருக்குற எடத்துல இருக்கு. நீ போயி ஒஞ் சோலியப் பாரு.

— போறேன், போறேன். வாங்கண்ணே, தீவெல்லாம் சௌக்கியமா?

— சௌக்கியந்தான் பாண்டியராஜு. ஏன்டா பல்லக் காட்டுற?

— பல்லு இருக்குல்லண்ணே, அதான். வர்றேன்.

— பாத்தியா அனுசியா? இவனும் சிரிக்கிறான். ரயில விட்டு எறங்குனதுலருந்து இதே கூத்துதான். டீக்கடையில நாலு பேரு என்னப் பாத்துட்டு டம்ளருக்குள்ள சிரிக்கிறான். கன்னையன் அண்ணே என்னைக்குமே என்ன ஏறெடுத்துப் பாக்க மாட்டாரு. இன்னைக்கி கழுதைய நிப்பாட்டிட்டு, ‘வாய்யா மொதலாளி’ங்கிறாரு. நான் எதுக்கு மொதலாளி?

— வெயில்ல அவருக்குக் கண்ணு தெரிஞ்சிருக்காது. சரி, கப்பக்காரரே.

— சொல்லு.

— எல்லாக் கதையும் சொன்னீங்க. ரசம் சொன்னீங்க, வாந்தி சொன்னீங்க. கடைசி மூட்டையப் பத்தி ஒரு வார்த்த வரலையே?

— எது... அந்தச் செகப்புக் கயிறு கட்டினதா?

— நான் வேற எந்த மூட்டைக்குச் செகப்புக் கயிறு கட்டினேன்? மத்ததெல்லாம் வாரத்துக்கு ஒண்ணு, வெள்ளக் கயிறு. மழை பிடிச்சு ஜீப்பு ஏறாமப் போனா எஸ்டேட்டுக்காரக கடைசியாத் தொடுறது எதுவோ அதுக்குத்தான் செகப்பு. பிரிச்சீங்களா?

— பிரிக்காம? பிரிச்சேன், பிரிச்சேன்.

— உள்ள இருந்ததப் பாத்தீங்களா?

— பாத்தேன். பாத்ததும் அப்படியே கண்ணு கலங்கிருச்சு.

— சந்தோசத்துலயா, வருத்தத்துலயா?

— அது... ரெண்டுந்தான். மாறி மாறி.

— ஓ. எப்படி இருந்துச்சு?

— தித்திப்புன்னா அப்படி ஒரு தித்திப்பு. எஸ்டேட்டு ஆளுகளுக்குக் கடைசி மூட்டையில கடலை மிட்டாய் வைப்பேல்ல, அதெல்லாம் இதுக்குக் கிட்ட நிக்க முடியாது.

— தின்னுட்டீங்களா?

— ஏன், திங்கக் கூடாதா? இல்ல, இல்ல. திங்கல. சும்மா நக்கிப் பாத்தேன்.

— நக்கிப் பாத்தீங்க.

— லேசா.

— அடி ஆத்தி. ஒலகத்துலயே அத நக்கிப் பாத்த மொத ஆளு நீங்கதான். இப்ப அது எங்க?

— பத்திரமா இருக்கு. படகுல, எம் பெட்டிக்குள்ள, துணியில சுத்தி.

— வாடிப் போகலையே?

— லேசா வாடியிருக்கு. ஆனா வாசம் போகல அனுசியா. சத்தியமா.

— வாசம் வேற இருக்கா?

— ஏன் இப்படி மாத்தி மாத்திக் கேக்குற? வக்கீலு மாதிரி.

— முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கிறத பாத்திருக்கேன். நீங்க பூசணித் தோட்டத்தையே மறைக்கிறீங்க. இங்க, எம் மூஞ்சியப் பாருங்க. மூட்டைய அப்புறம் பாக்கலாம், மூஞ்சியப் பாருங்க. என் மூட்டைய என்ன செஞ்சீங்க?

— மேல எம்புட்டு ஒட்டடை, பாரு.

— அங்க என்ன, ஒட்டடையா எண்ணுறீங்க?

— பிரிக்கல.

— சத்தமா.

— பிரிக்கல தாயி! பிரிக்கவே இல்ல. போதுமா? உள்ள என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. மஞ்சக் கெழங்கா, பூவா, செங்கல்லா, ஒண்ணுந் தெரியாது. அதான் காலையிலருந்து ஒங் கடையச் சுத்திச் சுத்தி வர்றேன். ராத்திரி ரயிலு பூராவும் ஒத்திகை பாத்துக்கிட்டே வந்தேன், எப்படி ஒங்கிட்ட பேச்சுக் குடுத்து அத வாங்குறதுன்னு.

— நல்லா வாங்குனீங்க. வாடிப் போச்சாம், வாசம் போகலயாம்.

— சிரிக்காத அனுசியா. எனக்கு உசுரு போகுது. ஆத்தா ஒத்தக் கால்ல நிக்குது. ‘அந்தக் கடைக்காரப் புள்ள என்னடா சொல்லுச்சு? சரின்னா சரிங்கட்டும். இல்லேன்னா நாளைக்கி ராசிங்காபுரத்துப் பொண்ணுக்குப் பூ வைக்கப் போறோம், நல்ல எடம், விட மாட்டேன்’ங்குது. நாளைக்கி! இன்னைக்கி பொழுதுக்குள்ள நான் ஒரு வார்த்த சொல்லியாகணும்.

— அதுக்குத்தான் அன்னைக்கி ஸ்டேசன்லயே பதில் சொன்னேன்ல?

— என்ன சொன்ன? ‘பதில் கடைசி மூட்டையில இருக்கு, முன்னாடியே பிரிச்சா இல்லேன்னு அர்த்தம்’ன்ன. அதுக்குள்ள ரயிலு எடுத்துட்டான்.

— நீங்க மட்டும் ஒழுங்காக் கேட்டீங்களா? பிளாட்பாரத்துல மூட்டைய எண்ணிக்கிட்டே, ‘அனுசியா’ன்னீங்க. நான், ‘என்ன?’ன்னேன். மறுபடி, ‘அனுசியா’ன்னீங்க. அம்புட்டுத்தான். அதுல நான் என்னத்தப் புரிஞ்சுக்கிறது?

— புரிஞ்சுச்சுல்ல?

— புரிஞ்சுச்சு. நீங்க வாயத் தொறக்குறதுக்கு மொத நாளே புரிஞ்சுச்சு. அதான் கட்டும்போதே உள்ள வச்சேன். சரி, மூட்டை என்னாச்சு? கடல்ல விழுந்துருச்சா?

— விழுந்திருந்தாக் கூட மனசு ஆறியிருக்கும். நானே எங் கையால வச்சிட்டு வந்தேன்.

— எங்க?

— ஒரு தீவுல. தகரக் கொட்டாயில.

— சொல்லுங்க. மொதல்லருந்து. பொய் சொன்னா அந்தத் தராசுக் கல்லு பறந்து வரும்.

— திரும்பி வர்ற வழியில அந்தத் தீவு. நடுவுல ஒரு மலை, மேல நல்ல தண்ணி ஊத்து இருக்குன்னு சொன்னாக. கேன எடுத்துக்கிட்டு நானும் கேப்டனும் ஏறினோம். ஏத்தம்னா ஏத்தம், நம்ம குரங்கணி ஏத்தம் மாதிரியே. கேப்டனுக்குக் கடல்ல புலி, மலையில பூனை. பாதி வழியிலயே, ‘நீ போடா, நான் காத்து வாங்குறேன்’னுட்டாரு. தண்ணிய எடுத்துட்டு எறங்குறோம், வானம் இருட்டிக்கிட்டு வந்துருச்சு. டாக்டரு படகத் தீவுக்கு மறுபக்கம் ஒதுக்கிட்டாரு. அங்கன நின்னா பாறையில மோதிரும். நாங்க இங்கிட்டு, படகு அங்கிட்டு.

— ஆத்தாடி. பெறகு?

— கரையோரமா ஒரு தகரக் கொட்டாய். மீன்காரகளோ, ரோந்து வர்றவுகளோ போட்டது. உள்ள போனா, ஒரு பானையில அரிசி, கொஞ்சம் உப்பு, கருவாடு. பிளாஸ்டிக்ல சுத்துன தீப்பெட்டி. எனக்கு ஒடம்பே சிலுத்துப் போச்சு அனுசியா. நம்ம மலைக் கொட்டாய் மாதிரியே.

— எஸ்டேட்டுப் பாதையில இருக்குறதா?

— அதேதான். மழையில மாட்டுனவன் எடுத்து ஆக்கித் திங்கலாம். ஆனா எடுத்தவன் திருப்பி வைக்கணும். வைக்காமப் போனா அவன் வீட்டு அடுப்பு பத்தாதுன்னு சொல்லுவாகல்ல?

— ஆமா. எஸ்டேட்டு லோடோட அந்தக் கொட்டாய்க்குன்னு ஒரு படி அரிசி இன்னமும் நாந்தான் ஏத்தி விடுறேன்.

— மழை விடல. ரெண்டு மூணு நாளு அந்த அரிசியத்தான் கஞ்சி வச்சுக் குடிச்சோம். பானை காலி. பெறகு படகு வந்துருச்சு. கேப்டன் கெளம்புடான்னாரு. நான் மாட்டேன்னுட்டேன். எடுத்தத வைக்காம எப்படி வர்றது? அவரு, ‘பணத்த வச்சிட்டு வாடா’ங்கிறாரு.

— பணத்தையா?

— ‘அடுத்து மழையில நனைஞ்சு வர்றவன் நோட்டையா வேகவச்சுத் திங்குவான் கேப்டன்?’ன்னு கேட்டேன்.

— இப்படியே கேட்டீங்களா?

— கேட்டேன். ஏன்?

— ஒண்ணுமில்ல. நல்லாத்தான் கேட்டிருக்கீங்க. மேல சொல்லுங்க.

— படகுல போயி பாத்தா மிச்சம் இருந்தது அந்த ஒரு மூட்டைதான். மறுநா அந்தமான் துறைமுகம் வந்துரும், நம்ம கரைக்கு வர்ற வரைக்கும் வேணுங்கிறத அங்க வாங்கிக்கலாம், எங்களுக்கு அந்த அரிசி எதுக்கு? தூக்கிட்டுப் போயி, எலி தொடாம ஒசக்க, விட்டத்துல கட்டித் தொங்க விட்டு, தீப்பெட்டியையும் வச்சு, கொட்டாயக் கும்பிட்டுட்டு வந்தேன். மனசு நெறைஞ்சு போச்சு. பெரிய தர்மப் பிரபு மாதிரி நெஞ்ச நிமித்திக்கிட்டு வந்து உக்காந்தேன்.

— எப்ப ஒறைச்சுச்சு?

— பாய் ஏத்தி, தீவு சின்னதாப் போனதுக்கு அப்புறம். டாக்டரம்மாதான் கேட்டுச்சு: ‘முத்துப்பாண்டி, நாளைக்கி துறைமுகம் வந்துரும், அந்தச் செகப்புக் கயிற அவுக்கலாம்ல? ஒன் ஆளு பதில் வச்சிருக்குன்னியே?’

— அய்யோ! அவுகளுக்கெல்லாம் சொன்னீங்களா?

— பொழுது போக வேண்டாமா? கடல்ல வேற என்ன இருக்கு? தினமும் அந்த மூட்டைய வச்சுத்தான் பேச்சு. கேப்டன் இல்லேன்னு இருக்கும்பாரு, டாக்டரம்மா ஆமான்னு இருக்கும்பாக. டாக்டரு மட்டும், ‘உள்ள அரிசிதான் இருக்கும்’பாரு.

— நீங்க?

— நான் நாளுக்கு ஒரு மாதிரி நெனப்பேன். அவுக அன்னைக்கி அப்படிக் கேட்டதும், ‘திருப்புங்க, திருப்புங்க!’ன்னு கத்துறேன். கேப்டன், ‘காத்து எதுக்க அடிக்குது, திரும்புனா நாளைக்கிதான் போயிச் சேருவோம், அதுக்குள்ள அடுத்த மழை’ன்னுட்டாரு. நீந்திப் போயிருவேன்னு குதிக்கப் போனேன். டாக்டரு சட்டையப் பிடிச்சு உக்கார வச்சு, ‘ஊசி போட்டுருவேன்’ன்னாரு. ஊசின்னா எனக்குப் பயம்.

— சின்னப் புள்ள மாதிரி அழுதீங்களாக்கும்?

— அழுதேன். அத ஏன் மறைக்கணும்? அடுத்தவனுக்குச் சோறு வச்சேன், எம் பொழப்ப அதோட சேத்துக் கட்டித் தொங்க விட்டுட்டேன். இதான் நடந்தது அனுசியா. இப்ப நீ வாயால சொல்லிரு. ஆமாவா, இல்லையா?

— மாட்டேன்.

— என்ன மாட்டேன்? கட்டிக்க மாட்டியா, சொல்ல மாட்டியா?

— வாயால சொல்ல மாட்டேன். நான் வச்சது வச்சதுதான். ரெண்டு தடவ பதில் சொல்ற பழக்கம் எங்க வீட்டுல கெடையாது.

— லந்து பண்ணாத அனுசியா! நாளைக்கி ராசிங்காபுரம்!

— போகட்டுமே. அந்தப் பொண்ணுக்கு மூட்டை கட்டத் தெரியுமா?

— தெரியாதாம். டீச்சருக்குப் படிச்சிருக்காம்.

— நல்லதாப் போச்சு. ஒங்களுக்கு ஆனா ஆவன்னாவாவது சொல்லிக் குடுக்கும்.

— நான் கெளம்புறேன். நீ சிரிச்சுக்கிட்டே இரு. எனக்குப் புரிஞ்சு போச்சு. உள்ள வெறும் அரிசிதான் இருந்திருக்கும். டாக்டரு சொன்னதுதான் சரி. கடலுக்குப் போறவன் மனசு ஒடைஞ்சிறக் கூடாதுன்னு கடைசி மூட்டையின்னு சொல்லி அனுப்பியிருக்க. நானும் லூசு மாதிரி அத நெனச்சு நெனச்சே அம்புட்டு தூரம்...

— உக்காருங்க.

— விடு.

— உக்காருங்கன்னு சொல்றேன்ல? மூட்டை மேல என்ன அச்சடிச்சிருக்கு, பாத்தீங்களா?

— ஒங் கடைப் பேரு.

— அதுக்குக் கீழ?

— போன் நம்பரு.

— ம். இருபது நாளைக்கி முன்ன ஒரு போனு வந்துச்சு. எடுத்தா, புஸ்ஸு புஸ்ஸுன்னு காத்துச் சத்தம், ஒரு ஆளு இந்தியில பேசுறாரு. எனக்கு இந்தியும் தெரியாது, ஒரு எழவும் தெரியாது. ஜீப்புல எஸ்டேட்டுக்குப் போற ஜார்க்கண்டுப் பையன் ஒருத்தன் நின்னான். பாண்டி அவங்கிட்ட போனக் குடுத்து, ஸ்பீக்கர்ல போட்டுட்டான்.

— யாரு பேசினது?

— ஒரு மீன்காரரு. மழையில ஒரு தீவுல ஒதுங்குனாராம். கொட்டாயில எப்பவும் இருக்குற பானையோட புதுசா ஒரு மூட்டை தொங்குச்சாம், செகப்புக் கயிறு கட்டி.

— அனுசியா!

— பிரிச்சு, கஞ்சி வச்சுக் குடிச்சாராம். அரிசி நல்ல அரிசியாம், மவராசி நல்லா இருக்கணும்னாரு. உள்ள கைய விட்டா, அரிசிக்கு நடுவுல துணியில முடிஞ்சு ஒண்ணு இருந்துச்சாம். ‘இது யாரோடதும்மா, நான் என்ன செய்யட்டும்?’ன்னு கேட்டாரு. அந்தப் பையன் ஒவ்வொண்ணா தமிழ்ல சொல்லச் சொல்ல, ஜீப்பு ஸ்டாண்டே என்னையச் சுத்தி நிக்குது. டிரைவரு, லோடுமேனு, டீக்கடைக்காரரு, கன்னையன் அண்ணே, அவரு கழுதை, எல்லாரும்.

— அதான் டம்ளருக்குள்ள சிரிச்சானுகளா! அப்ப போடிக்கே தெரியும், எனக்கு மட்டுந்தான் தெரியாதா?

— கழுதைக்கே தெரியும்.

— அப்ப நான் இங்க வாடிப்போச்சுன்னு சொன்னப்ப...

— பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். நக்கிப் பாத்தேன்னீங்க பாருங்க, அப்ப மட்டும் அந்தப் பருப்புச் சாக்குப் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

— பாவி! எல்லாந் தெரிஞ்சுக்கிட்டே என்னைய இந்தப் பாடு படுத்தியிருக்க. கோவம்தான் ஒனக்கு. ஒன் பதிலத் தூக்கி ஊரான் கொட்டாயில தொங்கவிட்டுட்டு வந்துட்டேன்னு.

— மொதல்ல கோவந்தான். மூட்டைய அவுக்கக் கூட மனசில்லையான்னு ரெண்டு நாளு சோறு எறங்கல. எதுக்கு விட்டுட்டு வந்தீகன்னு எனக்கு என்ன தெரியும்? பெறகு அந்த மனுசன் மறுபடி பேசினாரு. ‘முன்னாடி இருந்த பானையக் காலி பண்ணுனவரு வச்சிட்டுப் போனது போல’ன்னாரு. அப்பத்தான் வெளங்குச்சு. எங்கயோ நடுக் கடல்ல போயி, கேக்க ஆளே இல்லாத எடத்துல, எடுத்தத வச்சிட்டு வர்ற ஆளுன்னா... சரி விடுங்க, அதெல்லாம் எதுக்கு.

— எதுக்கா? சொல்லு அனுசியா. பாதியில நிறுத்தாத.

— நான் ஒண்ணு கேக்குறேன், சொல்லுங்க. அந்தத் தீவுல மலைமேல ஏறி நின்னா என்ன தெரியும்?

— இப்ப அதுவா முக்கியம்?

— எனக்கு முக்கியம்.

— நாலு பக்கமும் தண்ணி. பச்சையா, நீலமா, சில எடத்துல நம்ம ஏலச்செடி எல மாதிரியே. கீழ படகு ஒரு அரிசி மணியளவு தெரியும். சத்தமே இருக்காது. நீ எதுக்கு இதெல்லாம்...

— அப்பா போனதுலருந்து இந்தக் கல்லாவுல உக்காந்து மூட்டை கட்டுறேன். எனக்கு இதுல ஒரு கொறையும் இல்ல, பிடிச்சுத்தான் செய்றேன். ஆனா நான் கட்டுன மூட்டை போற எடம் ஒண்ணக் கூட நான் பாத்ததில்ல. எஸ்டேட்டு தெரியாது. குரங்கணி தாண்டுனதில்ல. மூட்டை ஏறும், வண்டி போகும், நான் அடுத்த சாக்க உதறுவேன். நீங்க என்னடான்னா அம்புட்டு பேருகிட்டயும், ‘அது வராது, அதுக்குக் கடைதான் தீவு’ன்னு சொல்லிட்டு வந்திருக்கீங்க. என்னைய ஒரு வார்த்த கேட்டீங்களா?

— ...கேக்கல. தப்புதான். நெசமாவே தப்புதான்.

— ம்.

— மீன்காரருகிட்ட என்ன சொன்ன? அந்த முடிச்ச என்ன செய்யச் சொன்ன?

— அது எடுத்த எடத்துலயே இருக்கட்டும், உரியவுக வந்து எடுத்துக்கிருவாகன்னேன். பானைக்குள்ள போட்டு மூடி வச்சிட்டாராம்.

— அப்ப இன்னும் அங்கதான் இருக்கு! நான் போயி எடுத்துட்டு வந்துர்றேன். சித்திரை பொறந்ததும் படகு திரும்பக் கெளம்புது, மழைக்கு முன்னாடி இன்னொரு சுத்து. ஆத்தா கால்ல விழுந்தாவது அதுவரைக்கும் நிப்பாட்டுறேன். அதுல இல்லேன்னு இருந்தாலும் சரி, நானே பாத்துத் தெரிஞ்சுக்கிறேன்.

— அதுக்குத்தான் லோடு வேணுமாக்கும்? சொல்லுங்க, என்னென்ன வேணும்?

— போன தடவ மாதிரியேதான். புளி மட்டும் கூடப் போடு. மோர்மிளகா டாக்டரு வெறும் வாயிலயே தின்னு தீத்துட்டாரு, அதையும் கூட்டிரு.

— கருப்பட்டி?

— போடு.

— எத்தன பேருக்கு?

— நாலு பேருக்குத்தான். டாக்டரு, டாக்டரம்மா, கேப்டன், நானு.

— சமையலுக்கு ஆளு?

— கெடைக்கல. யாரு வருவா?

— அக்கா, லோடு ஏத்தியாச்சு! இந்தா சாவி, பிடி.

— எறியாத. நீயே வச்சுக்க பாண்டி.

— என்னது?

— வச்சுக்கடா. சித்திரையிலருந்து கடைய நீதான் பாக்கணும். ஜீப்புக்கு ஒரு ஆளப் போட்டுக்க. கொட்டாய்க்குப் போற படி அரிசிய மட்டும் மறந்துறாத. மலைக்குப் போற வழியில சிலமலையில நிப்பாட்டி, இவுக ஆத்தாவப் பாத்து, நாளைக்கி ராசிங்காபுரம் போக வேண்டாம், நம்ம வீட்டுக்கு வரச் சொன்னேன்னு சொல்லிட்டுப் போ.

— சிலமலை எங்க இருக்கு, மலை எங்க இருக்கு! அது வேற பக்கமில்ல?

— சுத்திக்கிட்டுப் போ.

— சரிக்கா, சரிக்கா, சுத்திக்கிட்டே போறேன்! வர்றேன் மச்சான்!

— மச்சானா? டேய், இப்பத்தானடா அண்ணேன்ன? அனுசியா, என்ன நடக்குது இங்க? ஆத்தாவ எதுக்கு வரச் சொன்ன?

— சத்தம் போடாம அந்தச் செகப்புக் கயிற எடுங்க. நாலு பேருக்கு இல்ல, அஞ்சு பேருக்குக் கட்டுறேன்.

— அஞ்சாவது ஆளு யாரு?

— எங் குடோனோட ரெண்டாவது சாவி அந்தத் தீவுல பானைக்குள்ள கெடக்கு, மாமா. அத எடுத்து ஒங்க கையில குடுக்க நான் வர வேண்டாமா?